வாழ்நாள் முழுக்கப் பழைய கார் ஓட்டினால் உண்மையிலேயே மிச்சமாகுமா?

ஆகும். ஆனால் எப்போது ஆகும், எப்போது ஆகாது என்பதையும் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றியதாகிவிடும்.

‘ஒவ்வொரு முறையும் புது கார் வாங்குவது நல்லதா, ஆயுசு முழுக்கப் பழைய வண்டிகளையே மாற்றி மாற்றி ஓட்டுவது நல்லதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். படித்தால் முப்பது வயதைத் தாண்டாதவர் போலத் தெரிகிறது. ஒரு ஷோரூமுக்குப் போய் டெஸ்ட் டிரைவும் எடுத்திருப்பீர்கள். ‘கொஞ்சம் டவுன் பேமென்ட் கட்டுங்க சார், மிச்சத்தை லோன்ல பாத்துக்கலாம்’ என்று காபி கொடுத்து உட்கார வைத்திருப்பார்கள். 2014இல் நானும் அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பாளையங்கோட்டை. ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டுப் போட்டு, பெட்ரோல் தவிர மற்ற எல்லாச் செலவையும் எழுதி வைப்பது என் பழக்கம். கீழே வரும் தொகைகள் அந்த நோட்டுகளில் உள்ளவை.

முதல் வண்டி, 1993 மாடல் மாருதி 800. 2001இல் 95,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஏசி கிடையாது. அதில் அப்பாவையும் அம்மாவையும் முதன்முதலில் திருச்செந்தூருக்குக் கூட்டிக்கொண்டு போன நாள் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அப்பா வழி முழுக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை வெளியே நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஏழு வருடம் ஓட்டி 38,000க்குக் கொடுத்தேன்.

அடுத்தது 2003 மாடல் சான்ட்ரோ. 2008இல் 1,90,000க்கு வாங்கினேன். ஆறு வருடம் ஓட்டி 85,000க்கு விற்றேன். கிளட்ச், ஏசி கம்ப்ரஸர், ஷாக் அப்சார்பர், டயர், வருடாந்திர சர்வீஸ் எல்லாம் சேர்த்து ஆறு வருடத்தில் 84,000 செலவு. விலையில் இறங்கியது 1,05,000. இரண்டையும் கூட்டி 72 மாதத்தால் வகுத்தால் மாதம் 2,625 ரூபாய். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 84,000இல் ஐயாயிரத்துச் சொச்சம் ஆயில் சம்ப்புக்கு, அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டிக்குப் போனது. அது வண்டியின் குற்றமே இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு, வெள்ளைக் கோடு இல்லாத, விளக்கும் இல்லாத ஒரு வேகத்தடையில் அடித்து உடைந்தது. இதைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை, மன்னிக்கவும். சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும், வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் போட்டு வைத்திருப்பது வரப்பு. யார் வீட்டு முன்னால் வேண்டுமோ அங்கே ஒரு லோடு தாரைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். காரில் போன எனக்கு ஐயாயிரத்தோடு போயிற்று. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும் பெண்கள் எத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள்! இரண்டு தடவை மனு கொடுத்தேன். ரசீது மட்டும் கையில் இருக்கிறது.

சரி, 2014க்கு வருகிறேன். மைத்துனன் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு என் சான்ட்ரோவைத் தருவதாகப் பேச்சு. விடிகாலையிலேயே எழுந்து கழுவித் துடைத்து, பூக்காரரை வரச் சொல்லிக் காத்திருந்தேன். அவர் சரத்தை எடுத்து பானெட்டில் கட்ட ஆரம்பித்தபோது மாமனார் வந்தார். வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். ‘மாப்பிள்ளை, உங்க வண்டி பின்னால வரட்டும்’ என்றார். அவ்வளவுதான். கட்டிய சரத்தை அவிழ்த்து, யாரோ தூரத்துச் சொந்தக்காரரின் புது வண்டியில் கட்டினார்கள். என் மனைவி பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. மூன்றாவது மாதம் நான் புது செடான் புக் பண்ணினேன்.

ஆன் ரோடு 8,60,000. அதில் ஆறு லட்சம் கடன், பத்தரை சதவீத வட்டி, ஐந்து வருடம், மாதத் தவணை 12,900க்குக் கொஞ்சம் குறைவு. வண்டி நல்ல வண்டி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2018இல் அப்பாவுக்கு பைபாஸ் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கையில் பணம் இல்லை. நாலு வருடமாக மிச்சம் பிடித்ததெல்லாம் தவணையாகப் போயிருந்தது. வண்டியை விற்றேன். கிடைத்தது 4,20,000. அதில் பாக்கிக் கடன் ஒன்றரை லட்சத்தை அடைத்துவிட்டு மீதியை ஆஸ்பத்திரியில் கட்டினேன்.

அப்பா நல்லபடியாக வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ராத்திரி நோட்டை எடுத்துப் பார்த்தேன். விலையில் இறங்கியது 4,40,000. நாலு வருடத்தில் கட்டிய வட்டி 1,65,000. மொத்தம் 6,05,000. 48 மாதத்தால் வகுத்தால் மாதம் 12,600. சர்வீஸ் செலவை நான் சேர்க்கவே இல்லை. சான்ட்ரோவுக்கு 2,625, இதற்கு 12,600. இரண்டிலும் நான் போனது அதே கடைக்கும், அதே திருச்செந்தூருக்கும்தான்.

‘நீ பாதியில் விற்றாய், அதனால் நஷ்டம். இதில் புது வண்டி என்ன செய்யும்?’ என்று யாராவது எழுதுவீர்கள். அது சரியான கேள்வி. என் அண்ணன் 2004இல் புதுசாக வாங்கிய மாருதியைப் பதினைந்து வருடம் ஓட்டினார். அவர் கணக்கும் என் பழைய வண்டிக் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். புதுசாக வாங்கிக் கடைசி வரை வைத்திருப்பவரிடம் எனக்கு ஒரு வாதமும் இல்லை. பணத்தைத் தின்பது நாலைந்து வருடத்துக்கு ஒரு புது வண்டி என்று மாற்றிக்கொண்டே போவதுதான். இன்சூரன்ஸில் ஐடிவி, அதாவது வண்டியின் அன்றைய மதிப்பு கணக்கிடும் அட்டவணையைப் பாருங்கள். இரண்டாவது வருடத்தில் 20 சதவீதம், ஐந்தாவது வருடத்தில் 50 சதவீதம் கழித்துவிடுவார்கள். அந்தப் பாதியை யார் தலையில் ஏற்றுவது என்பதுதான் விஷயம். வண்டியைப் பதியும்போது ஒரே தடவையாகக் கட்டும் ஆயுள் வரியும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான வண்டிக்கு 13 சதவீதம். முதல் ஓனர் கட்டிவிட்டால், மாநிலத்துக்குள் அடுத்து வாங்குபவர் அதை மறுபடி கட்ட வேண்டாம்.

இன்னொன்று, பாதுகாப்பு. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசுகிறேன். சட்டென்று பிரேக் பிடித்தால் சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ், எல்லாப் புது கார்களிலும் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். குழந்தைகளை வைத்துக்கொண்டு ராத்திரியில் நாலுவழிச் சாலையில் போகிறவர் என்றால் அதற்கு முந்தைய வண்டியை வாங்கச் சொல்ல எனக்கு மனசு வராது. தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுபவரும் புதுசே வாங்கிக்கொள்ளட்டும். 2025 செப்டம்பரில் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டியை 18 சதவீதமாகக் குறைத்த பிறகு புதுசின் விலையும் இறங்கியிருக்கிறது. அதனால் பழைய வண்டிக்காரர் அதற்கு முந்தைய விலையைச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பழைய வண்டியில் என் முதல் மூலதனம் மெக்கானிக்தான். எங்கள் மெக்கானிக் பாய் இல்லையென்றால் இதில் ஒன்றுகூட நடந்திருக்காது. 2024 கோடையில் அக்கா மகனுக்குக் கார் பார்க்கத் தூத்துக்குடிக்குப் போனோம். 2021 மாடல், பளபளவென்று இருந்தது, மற்ற இடங்களைவிட எண்பதாயிரம் குறைவு. பையன் அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கையை விட்டுவிட்டான். பாய் இன்ஜினைத் திறக்கவே இல்லை. பின் சீட்டில் ஏறி, சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். வழக்கமாக இழுக்கும் அளவோடு நிற்காமல், உள்ளே சுருண்டு கிடந்த கடைசி முழம் வரை. அந்த முழத்தில் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே பட்டை விறைப்பாக, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வண்டல் உதிர்ந்தது. அப்புறம் டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினார். குழியின் மூலையில் அதே வண்டல்.

‘அண்ணாச்சி, இது வெள்ளத்துல கெடந்த வண்டி. இன்னைக்கு ஓடும். வயரிங் எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது’ என்றார்.

விற்க வந்த புரோக்கர், கண்ணாடி திறந்திருந்ததால் மழைத் தண்ணீர் புகுந்தது என்றார். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை எங்களுக்குத் தெரியாதா? வீட்டோடு வண்டியும் மூழ்கியவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். மூழ்கியது யாருடைய தப்பும் இல்லை. அதை மறைத்து இன்னொருவர் தலையில் கட்டுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீங்களும் எந்த ஊரில் பார்த்தாலும் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்.

நான் 2018இல் வாங்கிய 2012 மாடல் ஸ்விஃப்டை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 2027இல் பதினைந்து வருடம் முடியும்போது வண்டி ஓடத் தகுதியானது என்று எஃப்சி காட்டி, பழைய வண்டிக்கான பசுமை வரி கட்டி, பதிவுச் சான்றான ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். பாய் ‘தாங்கும்’ என்கிறார். மாமனாரை மாதாமாதம் சுகர் செக்கப்புக்கு அதில்தான் கூட்டிப் போகிறேன்.

அக்கா மகன், தூத்துக்குடிக்குப் போய் வந்த அடுத்த மாதம், ஒரே ஓனர் வைத்திருந்த 2019 மாடல் ஒன்றை வாங்கினான். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்றவர் கையெழுத்தை வாங்கி, கடன் பாக்கி இல்லை என்ற பேங்க் என்ஓசியோடு, ஆர்சியில் உள்ள கடன் குறிப்பை (ஹெச்பி) நீக்கப் படிவம் 35ஐயும் சேர்த்துக் கொடுத்தோம். இன்சூரன்ஸைப் பதினாலு நாளுக்குள் அவன் பெயருக்கு மாற்றினோம். ஆர்சியில் பெயர் ஏறும் வரை விலையில் இருபதாயிரத்தை நிறுத்தி வைத்துக்கொள்கிறோம் என்று முதலிலேயே பேசியிருந்தோம். விற்றவர் மறுப்புச் சொல்லவில்லை. கார்டு கைக்கு வந்த அன்றே அவன் போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.