பதினோரு எண்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் வணிகவியல் படித்தவள். மகள் பதினொன்றாம் வகுப்பில் வேதியியல் படிக்கிறாள். அவளுக்குத் துணையாக நானும் கூடவே உட்கார்ந்து படிக்கிறேன். அணுவில் எலக்ட்ரான்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்ற பாடத்தில் இருவரும் மாட்டிக்கொண்டோம். சாய்வான அம்புக்குறிகள் போட்ட அந்தப் படத்தை அவள் மனப்பாடம் செய்துவிட்டாள். எந்தத் தனிமத்தைக் கேட்டாலும் எழுதிவிடுகிறாள். ஆனால் மூன்றாம் கூட்டின் 3டி துணைக்கூடு காலியாக இருக்கும்போது நான்காம் கூட்டின் 4எஸ் ஏன் முதலில் நிரம்புகிறது என்றால், "அம்பு அப்படித்தான் போகுது" என்கிறாள். குரோமியமும் தாமிரமும் ஏன் அந்த அம்பு வரிசையை மீறுகின்றன? பேருந்தில் பயணிகள் காலி இருக்கையாகப் பார்த்துத் தனித்தனியாக உட்கார்வதுபோல என்று ஒரு காணொளியில் சொன்னார்கள், அது சரியா? எலக்ட்ரான் துகளா, அலையா? இதையெல்லாம் நினைவில் வைக்க ஏதாவது குறுக்கு வழி உண்டா?

எம்.

அன்புள்ள எம்.,

படித்து முடித்து, வேலை, குடும்பம் என்று ஆன பிறகு, தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பாடத்தை மகளுக்காகத் திறந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு என் வணக்கம். இந்தப் பாடத்தைப் பற்றித்தான் நானும் கொஞ்ச நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

ஆனால் குறுக்கு வழி கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. குறுக்கு வழி ஏற்கெனவே உங்கள் மகளின் கையில் இருக்கிறது. அந்த அம்புப்படம்தான் அது. அதனால்தான் அவளால் எந்தத் தனிமத்துக்கும் விடை எழுத முடிகிறது, ஒரு "ஏன்" வந்தால் நிற்க வேண்டியிருக்கிறது. இன்னொன்றையும் கொடுத்து அந்தப் பிள்ளையைக் கெடுக்கச் சொல்கிறீர்களா?

துகளா அலையா என்பதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஆர்பிட்டால் என்பது எலக்ட்ரான் சுற்றி ஓடும் பாதை அல்ல, அது எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் கணக்கு. இந்த வகுப்புக்கு அவ்வளவு போதும். பேருந்துக் கதையை மறந்துவிடுங்கள். எலக்ட்ரானுக்கு இரண்டில் ஒரு திசையில் தற்சுழற்சி (ஸ்பின்) உண்டு, பயணிகளுக்கு அது கிடையாது. தனித்தனி ஆர்பிட்டாலில் இருக்கும் எலக்ட்ரான்கள் ஏன் ஒரே திசைத் தற்சுழற்சியோடு இருக்கின்றன என்பதுதான் ஹூண்ட் விதியின் உயிர். அதைப் பேருந்து சொல்லாது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறோர் இடத்தில். இந்த அமைப்பெல்லாம் நமக்கு எப்படித் தெரிந்தது? உங்கள் கடிதத்தில் இந்தக் கேள்வி இல்லை. உங்கள் மேல் தவறில்லை, பாடமும் அதைக் கேட்பதில்லை. விதிகளை வரிசையாக வைக்கிறார்கள்: ஆஃபா (எந்த வரிசையில் நிரம்பும்), பௌலி (ஓர் ஆர்பிட்டாலில் இரண்டுக்கு மேல் கூடாது), ஹூண்ட் (முதலில் தனித்தனியாக, ஒரே திசைத் தற்சுழற்சியோடு). பிறகு இருபது தனிமங்களுக்கு எழுது என்கிறார்கள். சான்று முழுவதும் அயனியாக்கும் ஆற்றல், அதாவது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க ஆகும் ஆற்றல், என்ற தலைப்பில் பின்னால் எங்கோ கிடக்கிறது. அங்கே போகும்போது மாணவர்கள் அதை இன்னொரு மனப்பாடமாகவே பார்க்கிறார்கள். அளந்து கண்ட ஒன்றை, யாரோ போட்ட சட்டம் மாதிரி சொல்லிக்கொடுக்கிறோம்.

கல்லூரியில் எனக்கு வேதியியல் எடுத்த ஆசிரியை ஒருவர் இந்தப் பாடத்தை வேறு மாதிரி தொடங்கினார். குரல் உயர்த்தாதவர், தப்பாகச் சொன்னாலும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பேசுவார். அன்று வகுப்புக்கு வந்து, பலகையில் மேலிருந்து கீழாக எண்களை எழுதிவிட்டு, "சோடியத்தில் இருந்து எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆகும் ஆற்றல் இது. இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். சோடியத்தில் பதினோரு எலக்ட்ரான்கள், பதினோரு எண்கள். மோலுக்கு இத்தனை கிலோஜூல் என்ற கணக்கில்:

496, 4562, 6910, 9543, 13354, 16613, 20117, 25496, 28932, 141362, 159076.

மகளை அழைத்து இதை அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எண்கள் ஏறிக்கொண்டே போவதில் அதிசயம் இல்லை. ஒவ்வோர் எலக்ட்ரான் போகப்போக, மிச்சம் இருப்பவற்றை அணுக்கரு இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. ஆனால் ஏற்றம் சீராக இல்லை, பாருங்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவது எண்ணுக்கு ஒன்பது மடங்குக்கு மேல். அப்புறம் நிதானமாக ஏறி, ஒன்பதாவதிலிருந்து பத்தாவதுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. வெளியே ஒன்று, நடுவே எட்டு, உள்ளே இரண்டு. கூடுகள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டன.

எங்கள் வகுப்பில் எல்லோரும் இதைச் சொல்லிவிட்டோம். அவர் தலையாட்டிவிட்டு, "நடுவில் இருக்கும் எட்டை மட்டும் எடுத்துக் கழித்துப் பாருங்கள்" என்றார்.

கழியுங்கள். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம்: 2348, 2633, 3811, 3259, 3504, 5379, 3436. ஏறிவரும் வரிசையில் 3811 கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறது, அடுத்தது 3259 என்று இறங்கிவிடுகிறது. 5379 நன்றாகவே துருத்துகிறது. அந்த இரண்டு இடங்களில் கோடு போட்டால் எட்டு என்பது மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிகிறது. கடைசி இரண்டும் 2எஸ் எலக்ட்ரான்கள். மற்ற ஆறும் 2பி. ஆறு ஏன் மூன்றும் மூன்றுமாகப் பிரிய வேண்டும்? பி-யில் ஆர்பிட்டால்கள் மூன்று. ஆறு எலக்ட்ரான்கள் இருக்கும்போது மூன்றும் ஜோடி ஜோடியாக நிரம்பியிருக்கின்றன. ஜோடியில் இருப்பவை ஒன்றையொன்று தள்ளுவதால் முதல் மூன்று கொஞ்சம் மலிவாக வெளியே வருகின்றன. அதன் பிறகு ஆர்பிட்டாலுக்கு ஒன்றாக, ஒரே திசைத் தற்சுழற்சியோடு மூன்று மிஞ்சுகின்றன. அவற்றைத் தொட்டவுடன் விலை ஏறுகிறது.

கூடு, துணைக்கூடு, ஆர்பிட்டாலுக்கு இரண்டு, ஹூண்ட் விதி. நான்கும் ஒரே தனிமத்தின் பதினோரு எண்களுக்குள் இருக்கின்றன. கழித்தல் தெரிந்த யாரும் பார்க்கலாம். வணிகவியல் படித்தவருக்கு எண் வரிசையில் எது துருத்துகிறது என்று கண்டுபிடிக்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இதை ஒரு பிள்ளைக்குக் காட்டாமல் அம்பு வரையச் சொல்வது அநியாயம். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

வரலாறும் இப்படித்தான் நடந்தது. விதியில் தொடங்கி யாரும் அணுவுக்குள் போகவில்லை. நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளர் 1920களின் தொடக்கத்தில் நிறமாலைகளையும் தனிமங்களின் வேதிக்குணங்களையும் வைத்து அமைப்புகளை எழுதினார். அதை வைத்து, அப்போது கண்டுபிடிக்கப்படாமல் இருந்த 72ஆவது தனிமம் அருமண் தனிமங்களோடு சேராது, சிர்கோனியத்தைப் போல இருக்கும் என்றார். கோஸ்டர், ஹெவெசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிர்கோனியம் தாதுக்களில் எக்ஸ் கதிர் கொண்டு தேடி அதைப் பிடித்தார்கள். 1923ல் ஹாஃப்னியம் என்ற பெயரோடு அறிவித்தார்கள். அதே நீல்ஸ் போர் நியானின் வெளிக்கூட்டில் உள்ள எட்டை நான்கும் நான்குமாகப் பிரித்திருந்தார். 1924ல் ஸ்டோனர் என்ற இளம் இயற்பியலாளர் எக்ஸ் கதிர் அளவீடுகளையும் நிறமாலையையும் பார்த்து, அது இரண்டும் ஆறும் என்று திருத்தினார். அதைப் படித்த பிறகுதான் 1925ல் பௌலியின் தவிர்க்கைத் தத்துவம் வந்தது. பாடத்தில் தொடக்கத்திலேயே வரும் விதி, வரலாற்றில் அளவீடுகளுக்குப் பிறகுதான் வந்தது.

சரி, 4எஸ். பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் அம்புப்படம் சொல்வது உண்மை. அடுத்த தனிமமான ஸ்காண்டியத்தில் மூன்று எலக்ட்ரான்களை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள். முதலாவது 3டி-க்குத்தான் போகிறது. 4எஸ்-க்கு இல்லை! அடுத்த இரண்டும் 4எஸ்-க்குப் போகின்றன. 3டி சிறிய இடம், அங்கே நெருங்கினால் தள்ளல் அதிகம். பரந்திருக்கும் 4எஸ் அடுத்தவற்றுக்குத் தோதாகிறது. ஆகவே "4எஸ் முதலில் நிரம்பும், ஆனால் அயனியாகும்போது அதுவே முதலில் போகும்" என்று பிள்ளைகளைக் குழப்பும் வாக்கியத்தில் முதல் பாதியே ஸ்காண்டியத்துக்குப் பொருந்தாது. அம்புப்படம் ஒரு தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்துக்குப் போகும்போது மொத்தத்தில் எது கூடுகிறது என்று சொல்கிறது. ஓர் அணுவுக்குள் எலக்ட்ரான்கள் வரிசையில் நின்று ஏறிய கதையை அது சொல்லவில்லை. தேர்வில் கேட்டால் புத்தகத்தில் உள்ளதையே எழுதட்டும், மதிப்பெண் முக்கியம்தான். ஆனால் அவளுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

குரோமியத்தில் டி-யில் நான்கும் எஸ்-இல் இரண்டுமாக இல்லாமல் ஐந்தும் ஒன்றுமாக இருப்பதற்குச் சொல்லும் "பாதி நிரம்பினால் நிலைப்பு" என்ற காரணத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். அதே தொகுதியில் இருக்கும் டங்ஸ்டன் நான்கு டி எலக்ட்ரானும் இரண்டு எஸ் எலக்ட்ரானுமாகவே இருக்கிறது. பல்லேடியம் 5எஸ்-ஐக் காலியாகவே விட்டுவிடுகிறது. டி-க்கும் எஸ்-க்கும் ஆற்றல் வித்தியாசம் மிகக் குறைவு, அதனால் தனிமத்துக்குத் தனிமம் கணக்கு மாறுகிறது.

மகளுக்கு ஒரு வேலை தருகிறேன். சோடியம் முதல் ஆர்கான் வரை எட்டுத் தனிமங்களின் அமைப்பை எழுதட்டும். முதல் அயனியாக்கும் ஆற்றல் அந்த வரிசையில் பொதுவாக ஏறும், இரண்டு இடங்களில் மட்டும் இறங்கும். எந்த இரண்டு, ஏன் என்று அமைப்பை மட்டும் பார்த்துச் சொல்லி, காரணத்தையும் தாளில் எழுதி வைக்கட்டும். அதன் பிறகு புத்தகத்தில் எண்களைத் திறந்து பார்க்கட்டும். எனக்கு எண்கள் வேண்டாம், அவள் எழுதிய காரணத்தை அனுப்புங்கள். தப்பாக இருந்தாலும் அடித்துத் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள்.