எடை குறையவில்லையே, பாத்திரம் தப்பித்ததா?

கேள்வி: லித்தியம், சோடியம், பொட்டாசியம் ஃபுளோரைடுகள் கலந்த உப்பை எங்கள் ஆய்வகத்தில் 650 டிகிரி செல்சியஸில் உருக்குகிறோம். பாத்திரம் 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 6 மி.மீ. தடிமன். அதே தகட்டில் வெட்டிய ஒரு துண்டை கிராஃபைட் குரூசிபிளில் (உருக்கும் கிண்ணத்தில்), உருகிய உப்புக்குள் 100 மணி நேரம் தொங்கவிட்டோம். எடை குறையவில்லை, கொஞ்சம் கூடியிருக்கிறது. பாத்திரத்தின் தடிமனை வெளியிலிருந்து அல்ட்ராசோனிக் கருவியால் அளந்தோம், மாற்றமில்லை. செய்து கொடுத்தவரும் ‘அரிப்பு இல்லை’ என்று ஒரு லேப் ரிப்போர்ட் தந்திருக்கிறார். இரண்டு வருடம் ஓட்டலாமா?

பதில்: இந்த மூன்று ஆதாரங்களை வைத்து ஓட்ட வேண்டாம். பாத்திரம் நாளைக்கே ஒழுகிவிடும் என்று பயமுறுத்தவில்லை. 6 மி.மீ. சுவர் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் நீங்கள் அளந்த மூன்றும், உங்கள் பாத்திரத்தில் நடப்பதைக் காட்டக்கூடியவை அல்ல.

காற்றிலும் தண்ணீரிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பது அதன் மேல் படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு தோல்தான். உருகிய ஃபுளோரைடில் அந்தத் தோல் கரைந்துபோகும். அப்புறம் உப்பு உலோகத்திலிருந்து குரோமியத்தை மட்டும் பொறுக்கி எடுக்க ஆரம்பிக்கும். இரும்பையும் நிக்கலையும் விட குரோமியத்துக்கு ஃபுளோரினோடு சேரும் ஆசை அதிகம். 316எல்-இல் 16 முதல் 18 சதவீதம் குரோமியம் இருக்கிறது. அது உலோக மணிகளுக்கு (உலோகம் உருவான நுண்ணிய படிகங்களுக்கு) இடையே உள்ள எல்லைகள் வழியாக உள்ளேயிருந்து வெளியேறி, பின்னால் நுண்ணிய ஓட்டைகளை விட்டுச் செல்கிறது. கரையான் அரித்த நிலைக்கதவு மாதிரி, வெளியே அளந்தால் அதே அளவுதான் இருக்கும். சாதாரண அல்ட்ராசோனிக் கருவி 0.1 மி.மீ. வரைதான் பார்க்கும், நல்ல கருவி 0.01 மி.மீ. வரை. மேற்பரப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்போது அது எதைக் காட்டும்?

எடைக்கு வருவோம். துண்டை எப்படிக் கழுவினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் தண்ணீரில்தான் கழுவுகிறார்கள். பொட்டாசியம் ஃபுளோரைடு தண்ணீரில் உடனே கரையும். லித்தியம் ஃபுளோரைடோ 100 மி.லி. தண்ணீரில் 0.13 கிராம்தான் கரையும். அது ஓட்டைகளுக்குள் உட்கார்ந்துகொண்டு, போன குரோமியத்தின் எடையை ஈடுகட்டிவிடும். கூடுதல் எடைக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அமிலம் ஊற்றிக் கழுவினால் உலோகமே கரையும், அதுவும் கணக்கைக் கெடுக்கும். வெதுவெதுப்பான அலுமினியம் நைட்ரேட் கரைசலில், அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவுங்கள். கூடவே உப்பையே பார்க்காத புதுத் துண்டு ஒன்றையும் அதே மாதிரி கழுவி எடை போட்டுப் பாருங்கள். கழுவுவதால் எவ்வளவு போகிறது என்பது அப்போது தெரியும்.

இன்னொரு காரணம் கிராஃபைட் குரூசிபிள். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். உங்கள் பாத்திரத்தில் கிராஃபைட் இல்லை, சோதனையில் இருக்கிறது. கிராஃபைட் சும்மா இருக்கும் பொருள் இல்லை. உப்பில் கரைந்த குரோமியம் கிராஃபைட் சுவரில் கார்பைடாகப் படியும். உப்பில் குரோமியம் குறையக் குறைய, துண்டிலிருந்து மேலும் மேலும் வெளியே வரும். கார்பன் துண்டின் மேலும் ஏறி ஒட்டலாம், அப்போது எடை கூடும். அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் 316 வகை ஸ்டீல் துண்டுகளை 700 டிகிரியில், சுத்திகரித்த லித்தியம்-பெரிலியம் ஃபுளோரைடில் 3,000 மணி நேரம் வரை வைத்துப் பார்த்தார்கள். அதே ஸ்டீல் கூட்டில் (மூடிய சிறு கலனில்) வைத்ததற்கு வருடத்துக்குச் சுமார் 17 மைக்ரான் (1,000 மைக்ரான் ஒரு மி.மீ.) அரிப்பு ஆழம் என்றும், கிராஃபைட் கூட்டில் வைத்ததற்குச் சுமார் 31 மைக்ரான் என்றும் கணித்தார்கள். துண்டு ஒரே ரகம்தான், பக்கத்தில் இருந்த பொருள் மாறியதும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. நிக்கல் குரூசிபிளிலும் இதே தொல்லை உண்டு, குரோமியம் நிக்கலுக்குள் போய்ச் சேரும். துண்டைக் கட்டித் தொங்கவிடும் கம்பி நிக்ரோமாக (நிக்கல்-குரோமியம் கலவையாக) இருந்தால் அதிலும் 20 சதவீதம் குரோமியம் இருக்கிறது, அது உப்புக்குள் வந்து உங்கள் துண்டைக் காப்பாற்றியது போலக் காட்டும். வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிளின் உறையையும் மறக்காதீர்கள். பாத்திரத்துக்குள் கிராஃபைட் லைனர் (உள்பூச்சுச் சுவர்) போடப்போகிறீர்கள் என்றால் மட்டும் கிராஃபைட் குரூசிபிளில் சோதியுங்கள். இல்லாவிட்டால் குரூசிபிள், கம்பி, உறை எல்லாமே 316எல்-ஆக இருக்கட்டும். துண்டின் நடுவில் ஒரு வெல்டிங் கோடும் இருக்கட்டும்.

இப்போது அந்த லேப் ரிப்போர்ட். அதில் ஏஎஸ்டிஎம் பி117 (உப்புப் பனிச் சோதனைக்கான அமெரிக்கத் தர எண்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது 35 டிகிரியில் 5 சதவீத சமையல் உப்புக் கரைசலைப் பனியாகத் தெளித்துச் செய்த சோதனை. பெயின்டுக்கும் முலாமுக்கும் சரி, 650 டிகிரி ஃபுளோரைடோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. விற்பனை ஏஜென்டுகளுக்கு இது நன்றாகவே தெரியும். ‘சால்ட் டெஸ்ட் பாஸ்’ என்று ஒரு தாளை நீட்டினால் வாங்குகிறவர் தலையாட்டுவார் என்பதும் தெரியும். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பு) முத்திரை இருக்கிறதே என்பார்கள். அந்த முத்திரை அங்கீகாரப் பட்டியலில் உள்ள சோதனைகளுக்கு மட்டும்தான். பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அடுத்து இவர்கள் ‘316 வேண்டாம், ஹாஸ்டெல்லாய் போட்டுத் தருகிறோம்’ என்று வருவார்கள். ஹாஸ்டெல்லாய் என்பது நிக்கல் கலப்புலோகங்களின் ஒரு குடும்பப் பெயர், எந்த ஹாஸ்டெல்லாய் என்று கேளுங்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1965 முதல் 1969 வரை ஓடிய உருகிய உப்பு அணு உலையில் இருந்தது ஹாஸ்டெல்லாய் என், குரோமியம் சுமார் 7 சதவீதம். வெளிப்பக்கம் காற்றைத் தாங்கும் அளவுக்கு மட்டும் குரோமியம் வைத்து, அந்த வேலைக்கென்றே உருவாக்கியது. கடையில் சுலபமாகக் கிடைப்பது சி-276, அதில் குரோமியம் சுமார் 16 சதவீதம். டெண்டரில் வெறுமனே ‘ஹாஸ்டெல்லாய்’ என்று எழுதி, குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர் என்ற விதியையும் வைத்தால் எது வந்து இறங்கும் என்று சொல்லவா வேண்டும்? மார்ச் 31-க்குள் பணத்தைச் செலவழித்துக் கணக்குக் காட்டு என்று விரட்டும் அலுவலகம், உலோகத்தின் யுஎன்எஸ் எண்ணை (எந்தக் கலவை என்று குறிக்கும் எண்ணை) ஒரு வரி எழுத மட்டும் நேரம் தராது. ஹாஸ்டெல்லாய் என் வேண்டுமென்றால் என்10003 என்று எண்ணோடு எழுதுங்கள். சரக்கு வந்ததும் எக்ஸ்ஆர்எஃப் கருவியால் (எக்ஸ்ரே விட்டு உலோகத்தில் என்னென்ன தனிமங்கள் என்று காட்டும் கருவி) பாருங்கள். டங்ஸ்டன் 4 சதவீதம் அளவில் தெரிந்தால் அது சி-276, திருப்பி அனுப்புங்கள். அந்தக் கருவிக்குக் கார்பன் தெரியாது, அதனால் கார்பன் அளவில் மட்டும் வேறுபடும் 316-ஐயும் 316எல்-ஐயும் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு ஹீட் நம்பர் (எந்த உருக்கலில் வந்தது என்ற எண்) உள்ள, ஆலை தரும் மில் சான்றிதழ்தான் வேண்டும்.

சரி, எதைச் சோதிப்பது? முதலில் கையில் இருக்கும் துண்டை குறுக்கே வெட்டி, பாலிஷ் செய்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் குரோமியம் எவ்வளவு ஆழம் வரை குறைந்திருக்கிறது என்று பாருங்கள். நூறு எடைக் கணக்குகளை விட இந்த ஒரு படம் மேல்.

இரண்டாவது, பாத்திரத்தில் உள்ள உப்பிலேயே சிறிது எடுத்து குரோமியம், இரும்பு, நிக்கல் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபுளோரைடு என்று லேபுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்கள் கருவியின் கண்ணாடிப் பாகங்களைத் தின்றுவிடும். 2 கிலோ உப்பு, அது தொடும் சுவர் 500 சதுர செ.மீ., ரிப்போர்ட்டில் குரோமியம் 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) கூடியிருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 400 மில்லிகிராம், அதாவது சதுர செ.மீ.க்கு 0.8. சுவரில் 6 மைக்ரான் ஆழத்துக்குக் குரோமியம் முழுதாகக் காலியானதற்குச் சமம். நிஜத்தில் முழுதாகக் காலியாகாமல் மணி எல்லைகள் வழியே போவதால், ஆழம் இதைப் போலப் பல மடங்கு இருக்கலாம்.

ஈரத்தைக் கவனிக்காவிட்டால் இதெல்லாம் வீண். பொட்டாசியம் ஃபுளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். சூட்டில் அந்த ஈரம் உப்போடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடாகி உலோகத்தைத் தாக்கும், உங்கள் நுரையீரலையும் விடாது. ஆர்கான் நிரம்பிய பெட்டிக்குள் வேலை செய்யுங்கள், அந்த அமிலம் தோலில் பட்டால் பூசும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைக் கைக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள்.

100 மணி நேரமும் போதாது. முதல் சில நாள் தெரிவது பெரும்பாலும் ஈரமும் அசுத்தமும் செய்யும் வேலை. தனித்தனித் துண்டுகளை 250, 500, 1,000 மணி நேரம் வைத்து, ஒவ்வொரு முறையும் உப்பையும் பாருங்கள். குரோமியம் ஓரளவுக்கு ஏறி நின்றுவிட்டால் தொடரலாம். ஏறிக்கொண்டே இருந்தால் பாத்திரத்தை மாற்ற வேண்டியதுதான். ஒவ்வொரு துண்டுக்கும் புது உப்பு போடுங்கள். காசை மிச்சம் பிடிக்கப் பழைய உப்பையே மறுபடி உருக்கினால், ஏற்கெனவே குரோமியம் கரைந்து கிடக்கும் அந்த உப்பில் எந்தத் துண்டும் நல்ல துண்டாகத்தான் வெளியே வரும்.