வாகனக் கேள்வி-பதில்: ரிவர்ஸ் கியர் இல்லாத குட்டிக் கார்கள்

கேள்வி: ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் கே.ஆர்.200 காரில் ரிவர்ஸ் கியரே இல்லை என்கிறார்கள். நாலு ரிவர்ஸ் கியர் உண்டு என்றும் படித்தேன். எது சரி? (ஈரோடு வாசகர்)

பதில்: இரண்டும் சரிதான். 1955-இல் வந்த அந்த மூன்று சக்கர வண்டியின் கியர் பெட்டியில் ரிவர்ஸுக்கெனத் தனிப் பல்சக்கரம் கிடையாது. இன்ஜினையே எதிர்த்திசையில் சுழல விட்டார்கள். வண்டியை முழுதாக நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை வழக்கத்தைவிட ஆழமாக அழுத்தி ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் மறுபக்கம் சுற்றும். முன்னே போக இருந்த நாலு கியரும் அப்போது பின்னே போகத்தான். நாலாவது கியரில் ரிவர்ஸ் போய்ப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே இருப்பது 191 சி.சி. சாக்ஸ் டூ-ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர். கேம் ஷாஃப்டும் வால்வும் இல்லை. சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. ஆகவே எந்தப் பக்கம் சுற்றினாலும் அதற்கு ஒன்றுதான். தீப்பொறிக்கு அப்படியில்லை. பிஸ்டன் உச்சியைத் தொடச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். திசை மாறினால் அதே பொறி தாமதமாகிவிடும். அதற்காகவே இரண்டாவது பாயின்ட் செட் (பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனைகள்) வைத்தார்கள்.

முன்னே நன்றாக ஓடும் இன்ஜின் பின்னே மட்டும் பிடிக்காவிட்டால் கார்புரேட்டரில் கை வைக்காதீர்கள். அதிகம் வேலையில்லாத அந்த இரண்டாவது பாயின்ட்டின் முனையில் அழுக்கேறியிருக்கும். துடைத்து, இடைவெளியைச் சரிபாருங்கள். ஒவ்வொரு ரிவர்ஸுக்கும் ஒருமுறை ஸ்டார்ட் செய்தாக வேண்டும் என்பதால் பேட்டரி தளர்ந்தாலும் இதே தொல்லைதான். பெட்ரோலில் கலக்கும் ஆயில் 25-க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி.

கேள்வி: மெஸ்ஸர்ஷ்மிட் காரின் கண்ணாடிக் கூண்டு மிஞ்சிப்போன போர் விமானங்களுடையதா? (மதுரை வாசகர்)

பதில்: இல்லை. வடிவமைத்த ஃபிரிட்ஸ் ஃபெண்ட் விமானப் பொறியாளர். தயாரித்ததும் விமானக் கம்பெனி. வதந்திக்கு அது போதாதா?

கேள்வி: பிரிட்டனில் விற்ற மூன்று சக்கர பி.எம்.டபிள்யூ. இசெட்டாவில் ரிவர்ஸை ஏன் எடுத்துவிட்டார்கள்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: லைசென்ஸுக்காக. ரிவர்ஸ் இல்லாத, எடை குறைந்த மூன்று சக்கர வண்டியை அங்கே அப்போது மோட்டார் சைக்கிள் லைசென்ஸிலேயே ஓட்ட முடிந்தது. ஆனால் இசெட்டாவின் ஒரே கதவு முன்பக்கம் திறப்பது. சுவரை ஒட்டி மூக்கை நுழைத்து நிறுத்தினால் கதவும் திறக்காது, வண்டியும் பின்னே வராது. மிச்சமிருப்பது மேலே உள்ள துணிக்கூரை வழி. கராஜில் வண்டியைப் பின்புறமாகத் தள்ளி நிறுத்துவதே நல்லது.