கயபாவின் கறுப்பு அங்கி

அன்புள்ள ஐயா,

தவக்காலத்தில் எங்கள் பங்கு இளைஞர்களுக்கு ‘ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ (1973) படத்தைப் போட்டுக் காட்டினேன். சிலர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். இயேசு சாவுக்குப் பயப்படுகிறார், மகதலா மரியா காதல் பாட்டுப் பாடுகிறாள், யூதாசு கதாநாயகன் மாதிரி வருகிறான், உயிர்ப்பே இல்லை, இது தெய்வ நிந்தனை என்கிறார்கள். மற்றவர்கள் கண்கலங்கப் பார்த்தார்கள். எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த ஆண்டும் போடலாமா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதம் வந்தபோது இந்தப் படத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், ஆனால் வேறொரு காரணத்துக்காக. முதலில் எழுந்து போனவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

இயேசு பயப்படக் கூடாதா? மாற்கு நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில் அவர் திகிலடைகிறார், இந்தக் கிண்ணத்தை என்னைவிட்டு அகற்றும் என்று கெஞ்சுகிறார். லூக்கா அவருடைய வியர்வையை ரத்தத் துளிகள் போல என்கிறார். ஒவ்வோர் ஆண்டும் பாடுகளின் வாசகத்தைக் கேட்கிறவர்களுக்கு இது காதில் விழவே இல்லையா? இயேசுவாக நடித்த டெட் நீலி கெத்சமனித் தோட்டத்தில் பாறைமேல் ஏறி, குரல் கிழியக் கத்துகிறாரே, அது நற்செய்தியில் இருப்பதுதான். கேட்கப் பிடிக்கவில்லை என்றால் அது கேட்பவரின் கோழைத்தனம். உயிர்ப்பு இல்லை என்பதெல்லாம் ஒரு புகாரா? சிலுவைப்பாதையின் 14-ஆம் தலமும் கல்லறையில்தான் முடிகிறது. மகதலா மரியா விஷயத்துக்கு நான் நேரம் செலவழிக்கப் போவதில்லை.

இந்தச் சண்டை ஒன்றும் புதிதல்ல. இசையமைத்த ஆண்ட்ரூ லாய்ட் வெப்பரும் பாட்டெழுதிய டிம் ரைஸும் 1970-ல் இதை முதலில் இசைத்தட்டாகத்தான் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு நியூயார்க்கின் பிராட்வேயில் மேடையேறியபோது அரங்கத்துக்கு வெளியே கிறிஸ்தவர்கள் பதாகையோடு நின்றார்கள். இயேசுவின் சாவுக்கான பழியை யூதர்கள்மேல் போடுகிறது என்று யூதர்களும் எதிர்த்தார்கள். அவர்களுடைய புகாரை உங்கள் கூட்டத்தில் பிடித்தவரும் சரி, பிடிக்காதவரும் சரி, ஒருவர்கூட எழுப்பவில்லை பாருங்கள். எனக்கு ஆறாதது அதுதான்.

யூதர்களின் தலைமைக் குரு கயபா வரும் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். பாலைவனத்து இடிபாடுகளின்மேல் இரும்புச் சாரம். அதில் கறுப்பு அங்கியும் பெரிய தொப்பியுமாகக் குருக்கள் பிணந்தின்னிக் கழுகுகள் போல உட்கார்ந்திருக்கிறார்கள். கயபாவின் குரல் அடிவயிற்றிலிருந்து வருகிறது, அவருடைய மாமனார் அன்னாவின் குரல் ஊசியாய்க் குத்துகிறது. பாட்டின் வரிகளைக் கேட்டால் அவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. இவரால் கலகம் மூண்டால் ரோமானியர்கள் மொத்த மக்களையும் அழித்துவிடுவார்கள் என்ற பயம். யோவான் நற்செய்தி 11-ல் உள்ளதுதான். அந்தப் பயம் வீண் பயமும் இல்லை. கி.பி. 70-ல் ரோமப் படை எருசலேம் கோவிலைக் கொளுத்தியது. பாட்டு அவர்களுக்குக் கொடுத்த நியாயத்தைக் கேமரா பிடுங்கிக்கொள்கிறது.

சிலுவைத் தீர்ப்புச் சொன்ன ரோம ஆளுநர் பிலாத்துவைப் பாருங்கள். கனவு கண்டு கலங்குகிறான். 39 சவுக்கடியை எண்ணும்போது அவன் குரலே உடைகிறது. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் எழுதிவைத்த பிலாத்து இவனா? கோவில் பணத்தை எடுத்துக் கால்வாய் கட்டியவன் அவன். எதிர்த்துக் கூடிய மக்களுக்கு நடுவே சாதாரண உடையில் வீரர்களை நிறுத்தி, சைகை காட்டித் தடியால் அடிக்க வைத்தவன். அதில் பலர் செத்தார்கள். சிலுவை ரோமானியரின் தண்டனை. ஆனால் படம் முடியும்போது நமக்குப் பிலாத்துமேல் பரிதாபமும் குருக்கள்மேல் அருவருப்பும்தான் மிஞ்சுகின்றன.

சின்ன வயதில் எங்கள் பக்கத்துப் பாஸ்காவில், அதாவது இயேசுவின் பாடுகளைக் காட்டும் நாடகத்தில், கயபாவாக நடித்தவர் ஒரு தச்சர். அவ்வளவு சாதுவான மனிதர். பெரிய வெள்ளி முடிந்து அவர் கடைத்தெருவுக்கு வந்தால் பையன்கள் நாங்கள் பின்னால் போய் ஊளையிடுவோம். பெரியவர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் யூதர் ஒருவரும் இல்லை, அதனால் அது அவரோடு போயிற்று. யூதர்கள் வாழ்ந்த ஊர்களில் அப்படிப் போகவில்லை. 1903-ல் அன்றைய ரஷ்யப் பேரரசின் கிஷினெவ் நகரில் ஈஸ்டர் அன்று தொடங்கிய வெறியாட்டத்தில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். ஜெர்மனியின் ஒபராம்மர்காவ் பாஸ்காவுக்கு 1934-ல் 300-ஆவது ஆண்டு. பார்க்க வந்தவர்களில் ஹிட்லரும் ஒருவர். இயேசுவின் சாவுக்கு எல்லா யூதர்மீதும் பழிபோடக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது 1965-ல்தான். இந்தப் படம் வந்தது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து.

இயக்குநர் நார்மன் ஜூவிசன் இதையெல்லாம் அறியாதவரா? இதற்கு இரண்டு ஆண்டு முன்னால் ‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’ எடுத்தவர் அவர். யூதக் கிராமத்துக் கல்யாண வீட்டில் கலவரக் கும்பல் புகுவதையும், கடைசியில் ஊரே மூட்டை கட்டிக் கிளம்புவதையும் அவ்வளவு வலியோடு காட்டியவர். அப்படிப்பட்டவர் இஸ்ரேல் மண்ணிலேயே போய் இதை எடுக்கும்போது, குருக்களுக்கு ஏன் இந்தக் கழுகு வேஷம்? இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திட்டு வாங்கிய யூதாசுக்கு வாய் கொடுத்த படம் இது. யூதாசாக நடித்த கார்ல் ஆண்டர்சன் அந்த மலையுச்சியில் நின்று பாடும்போது, துரோகி என்ற சொல்லையே நாம் மறந்துவிடுகிறோம். அந்தக் கருணையில் ஒரு கைப்பிடியைக் கயபாவுக்கும் கொடுத்திருக்கலாம். நான் நேசிக்கிற படம் என்பதால்தான் இவ்வளவு கோபப்படுகிறேன்.

நீங்கள் நல்ல காரியம்தான் செய்திருக்கிறீர்கள், மனம் தளர வேண்டாம். அடுத்த ஆண்டும் போடுங்கள். எழுந்து போனவர்களை நீங்களே வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள். படம் தொடங்கும் முன் யோவான் 11-ஆம் அதிகாரம் 45 முதல் 53 வரை ஒருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கயபா காட்சி வந்ததும் படத்தை நிறுத்திவிட்டு, இந்த ஆள் எதற்குப் பயப்படுகிறார் என்று அவர்களிடம் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.