படத்தைப் பார்த்தவர் பிளாக்குக்கு வரணுமா? குண்டூசி அக்காவின் பதில்கள்

குண்டூசி: பின்டரஸ்ட், இன்ஸ்டாகிராம் வழியா பிளாக்குக்கு வாசகரைக் கொண்டுவர்றது பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க. முதல்லயே ஒண்ணு: சுருக்கு லிங்க் (நீள முகவரியைச் சின்னதா மாத்தின லிங்க்) போடாதீங்க. யாராவது கேட்பீங்க, அதான் இப்பவே சொல்லிட்டேன்.

செடிகொடி: இன்ஸ்டாவுல லைக் குவியுது அக்கா, பிளாக்குல ஈ ஓட்டறேன். எங்க தப்பு?

குண்டூசி: படம் நல்லாத்தான் இருக்கும், வழிதான் சரியில்லை. இன்ஸ்டாவுல படத்துக்குக் கீழே எழுதற லிங்க் வெறும் எழுத்து, தட்டினா திறக்காது. பார்க்கிறவர் உங்க ப்ரொஃபைலுக்குப் போகணும், பயோவுல லிங்க்கைத் தேடணும், அதுக்குள்ள எந்தப் பதிவுன்னு கண்டுபிடிக்கணும். ஒவ்வொரு படியிலும் ஆள் கழண்டுக்கும். 2023-ல இருந்து பயோவுல 5 லிங்க் வரை வைக்கலாம், அதுல ஒண்ணை எப்பவும் புதுப் பதிவுக்கு ஒதுக்குங்க. ஸ்டோரியில லிங்க் ஸ்டிக்கர் 2021 அக்டோபர்ல இருந்து எல்லாருக்கும் உண்டு. ஆனா ஸ்டோரி 24 மணி நேரத்துல மறைஞ்சிடும், ஹைலைட்ல சேர்த்து வைங்க.

பின்டரஸ்ட்ல போடற படத்துக்குப் பின்னு பேர், ஒவ்வொரு பின்னுக்கும் சொந்தமா ஒரு லிங்க் உண்டு. அங்க பெரும்பாலும் மனுஷங்களைப் பார்க்க வர்றதில்லை, எதையாவது தேடித்தான் வர்றாங்க. அதனால ஃபாலோயர் குறைஞ்ச கணக்கோட பின்னும் தேடல்ல மேலே வரலாம், போட்டு மாசக்கணக்கா ஆன பிறகும் ஆள் அனுப்பலாம். பழகினவங்களைத் தக்கவைக்க இன்ஸ்டா, புது ஆள் வர பின்டரஸ்ட். இதுதான் என் கணக்கு.

புதுப்பேனா: பின்டரஸ்ட்ல எங்கே ஆரம்பிக்கணும் மேடம்? கணக்கு மட்டும் திறந்திருக்கேன்.

குண்டூசி: பிசினஸ் கணக்கா மாத்துங்க, இலவசம்தான். அடுத்து உங்க தளத்தை உரிமை கோருங்க, அதாவது அது உங்களோடதுதான்னு பின்டரஸ்டுக்கு நிரூபிங்க. மூணு வழி இருக்கு: அவங்க தர்ற மெட்டா டேகை ஹெட் பகுதியில ஒட்டறது, எச்டிஎம்எல் கோப்பை ஏத்தறது, டிஎன்எஸ்-ல (உங்க தள முகவரியோட அமைப்புல) டெக்ஸ்ட் பதிவு சேர்க்கிறது. பிளாக்கர்ல மெட்டா டேக்தான் சுலபம்: தீமோட எச்டிஎம்எல்-ஐத் திறந்து, ஹெட் தொடங்கற வரிக்கு அடுத்ததா ஒட்டுங்க. வேர்ட்பிரஸ்ல ஒட்டியும் 'கிடைக்கலை'ன்னு வந்தா, கேஷ் பிளகின் (பக்கத்தோட நகலைச் சேமிச்சு வைக்கிற கருவி) பழைய பக்கத்தையே காட்டிட்டிருக்கும். கேஷைக் காலி பண்ணிட்டு மறுபடி முயற்சி பண்ணுங்க.

பதிவோட தலைப்பும் சுருக்கமும் பின்ல தானா வர ஓபன் கிராஃப் டேக் (பக்கத்தோட தலைப்பு, சுருக்கம், படத்தை மத்த தளங்களுக்குச் சொல்ற குறிப்பு) வேணும். இதைச் சேர்க்கிற எஸ்இஓ (தேடல்ல மேலே வர உதவற) பிளகின் ரெண்டு ஒரே நேரத்துல ஓடினா டேக் ரெண்டு தடவை வந்து தப்பான தலைப்பு ஏறும். ஒண்ணை அணைங்க.

போர்டுக்கு, அதாவது பின்களைச் சேர்த்து வைக்கிற தொகுப்புக்கு, கவிதையாப் பேர் வைக்காதீங்க. 'பசுமை என் சுவாசம்'னு யாரும் தேடமாட்டாங்க. 'தொட்டியில் ரோஜா வளர்ப்பு'ன்னு தேடுவாங்க.

மௌஸ்பிடித்தவன்: பட அளவு? தமிழ் எழுத்து போன்ல படிக்கவே முடியலை.

குண்டூசி: 1000 × 1500 பிக்சல், அதாவது 2:3. அதைவிட நீளமா இருந்தா ஃபீடுல கீழே வெட்டுப்படலாம். போன்ல ரெண்டு பத்தியா வரும்போது 1000 பிக்சல் படம் ஏறக்குறைய 180 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கும். நீங்க 40 பிக்சல்ல எழுதினது 7 பிக்சலாகும், எறும்பு ஊர்ற மாதிரிதான் தெரியும். தலைப்பு 90-க்குக் குறையவேண்டாம், ஆறு வார்த்தைக்கு மேலயும் வேண்டாம். தமிழ்ல மேலே விசிறி, கீழே சுழி எல்லாம் இருக்கு, வரி இடைவெளியைக் கொஞ்சம் தாராளமா விடுங்க. முடிச்சதும் படத்தை 18 சதவீதத்துக்குச் சுருக்கிப் பாருங்க. அப்பவும் படிக்க முடிஞ்சா போடலாம்.

கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தா எழுத்துரு யூனிகோடுதானான்னு பாருங்க. பழைய போட்டோஷாப்னா எழுத்து அமைப்புல தெற்காசிய மொழிகளுக்கான இன்ஜினைத் தேர்ந்தெடுக்கணும்.

அரைத்தூக்கம்: ஒரு நாளைக்கு எத்தனை பின் போடலாம்?

குண்டூசி: ஒண்ணுல இருந்து மூணு, எல்லாம் புதுப் படமா. ஒரே பதிவுக்கு நாலு படம் செஞ்சிருந்தா ஒரே நாள்ல கொட்டாம வாரம் ஒண்ணா விடுங்க.

கணக்குப்பிள்ளை: எத்தனை பேர் தட்டினாங்கன்னு எண்ண சுருக்கு லிங்க் வசதியா இருக்கே?

குண்டூசி: வந்துடுச்சு பாருங்க. சுருக்கு லிங்க் எங்கே போகுதுன்னு வெளியில தெரியாது, ஸ்பேம் ஆளுங்களுக்கும் அதுதான் பிடிச்ச கருவி. அதனால பின்டரஸ்ட் அதைத் தடுக்கலாம், பின்னையே முடக்கலாம். எண்ணணும்னா முழு முகவரியோட யூடிஎம் (ஆள் எங்கிருந்து வந்தார்னு சொல்ற, முகவரி முடிவுல ஒட்டற குறிப்பு) சேர்த்துடுங்க: சோர்ஸ்ல பின்டரஸ்ட், மீடியம்ல சோஷியல், கேம்பெய்ன்ல பதிவோட பேர். ஆங்கிலத்துல எழுதறப்ப எல்லாம் சின்ன எழுத்தா இருக்கட்டும். ஒரு தடவை பெரிய எழுத்துல ஆரம்பிச்சா அனலிட்டிக்ஸ் அதைத் தனி சோர்ஸா எண்ணும். உங்க தளத்துக்குள்ளயே ஒரு பதிவுல இருந்து இன்னொண்ணுக்குப் போற லிங்க்ல யூடிஎம் வேண்டவே வேண்டாம், ஆள் எங்கிருந்து வந்தார்ங்கற கணக்கு குழம்பிடும்.

தையல்மெஷின்: இம்ப்ரெஷன் 40,000 காட்டுது. பிளாக்குக்கு வந்தவங்க நூறுகூட இல்லை.

குண்டூசி: இம்ப்ரெஷன்னா பின் திரையில தெரிஞ்சதுன்னு மட்டும்தான் அர்த்தம். பின் கிளிக்னா படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தாங்க. அவுட்பவுண்ட் கிளிக்தான் உங்க வாசலுக்கு வந்தவங்க. அதை மட்டும் பாருங்க. உங்க பின்ல என்ன இருக்கு?

தையல்மெஷின்: தலையணை உறை தைக்கிற முழு முறையும், அளவோட.

குண்டூசி: அப்புறம் எதுக்கு வரணும்?

நோட்டுபுக்: இதை ஒத்துக்க மாட்டேன் அக்கா. பாதி சொல்லிப் பாதி மறைக்கிறது தூண்டில் வேலை. முழுசா சொன்னாத்தான் ஜனங்க சேவ் பண்ணுவாங்க, சேவ் ஆனாத்தான் பின் பரவும்.

தையல்மெஷின்: பரவி என்ன பண்ண? என் பேர்கூட யாருக்கும் தெரியாது.

நோட்டுபுக்: பேரைப் படத்துலயே போடுங்க!

குண்டூசி: ரெண்டு பேரும் வெவ்வேற பொருளைப் பத்திப் பேசறீங்க. அங்குலத்தை சென்டிமீட்டரா மாத்தற அட்டவணை மாதிரி ஒண்ணுன்னா நோட்டுபுக் சொல்றது சரி. விடை முழுக்கப் படத்துல முடிஞ்சிடுது, மறைக்க எதுவும் இல்லை. சேவ் ஆகும், ஆள் வராது. அதுக்கு ட்ராஃபிக் எதிர்பார்க்காதீங்க.

தலையணை உறை அப்படியில்லை. 16 அங்குல உறைக்கு முன்துணி 17 × 17, பின்துணி 17 × 12-ல ரெண்டு. இதைப் படத்துல தாராளமா எழுதுங்க, சேவ் பண்ண அதுவே போதும். ஆனா பின்துணியோட ஒரு ஓரத்தை 1 அங்குலம் மடிச்சுத் தைச்சதும் ரெண்டும் எப்படி 5 அங்குலம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும், எந்தத் துண்டை முதல்ல வைக்கணும், மூலை ஏன் உருண்டு போகுதுங்கறதை ஒரு படத்துல அடக்க முடியாது. அடக்கினா 7 பிக்சல் கதைதான். அளவு படத்துக்கு, செய்முறை பதிவுக்கு.

நோட்டுபுக்: அப்ப மறைக்கிறதுதானே?

குண்டூசி: இல்லை. படத்துல காட்டினது பக்கத்துல இல்லைன்னாத்தான் ஏமாத்து. காட்டின அதே உறை, அதே அளவு பதிவோட முதல் திரையிலயே வரணும். எட்டுப் பத்தி முன்னுரைக்குக் கீழே புதைச்சா வந்தவர் திரும்பிடுவார்.

நோட்டுபுக்: முன்னுரை விஷயத்துல ஒத்துக்கறேன். மத்ததுல இல்லை.

குண்டூசி: சரி, விடுங்க. அடுத்து.

வெள்ளைத்தாள்: தினமும் எத்தனை பின் போடணும் அக்கா?

குண்டூசி: மேலே இருக்கு.

நிழல்: தேடல்ல கிடைக்கிற படத்தை எடுத்துப் பின் செய்யலாமா?

குண்டூசி: கூடாது. தேடுபொறி படத்தைக் காட்டுது, அதுக்கு உரிமையாளர் வேற. அவர் புகார் கொடுத்தா பின் போகும், திரும்பத் திரும்ப நடந்தா கணக்கே போகும். கிரியேட்டிவ் காமன்ஸ் படம்னா அதோட நிபந்தனையைப் படிங்க, பெரும்பாலானதுக்குப் பேர் குறிப்பிடணும்.

பட்டாம்பூச்சி: ஃபாலோயர் காசு கொடுத்து வாங்கலாமா?

குண்டூசி: வேண்டாம்.

காற்றாடி: வாரத்துக்கு எத்தனை பின் நல்லது?

குண்டூசி: மேலே சொன்னதை ஏழால பெருக்குங்க.

சாளரம்: பதிவுல இருந்து பின்டரஸ்ட் சேவ் பட்டனை அழுத்தினா 'படம் இல்லை'ன்னு வருது. ஆனா பதிவுல படம் நல்லாவே தெரியுது.

குண்டூசி: நல்ல கேள்வி. வரிசையாப் பாருங்க. முதல்ல லேசி லோடிங்: கீழே உருட்டினாத்தான் படம் ஏறும்படி இருந்தா, சேவ் அழுத்தற நேரத்துல அங்க வெற்றிடம்தான் இருக்கும். பக்கத்தோட அடிவரை உருட்டிட்டு அழுத்துங்க. அப்ப வந்தா காரணம் அதுதான், முதன்மைப் படத்துக்கு மட்டும் லேசி லோடிங்கை எடுத்துடுங்க. அப்பவும் வரலைன்னா, உங்க படத்தை வேற தளங்கள் நேரடியாக் காட்டாம இருக்க ஹோஸ்டிங்ல ஹாட்லிங்க் தடுப்பு போட்டிருப்பீங்க, அதுல பின்டரஸ்டுக்கு விலக்கு கொடுங்க. அடுத்து ரோபோட்ஸ் கோப்புல (தானியங்கி நிரல்கள் எதைப் பார்க்கலாம்னு சொல்ற கோப்பு) பின்டரஸ்ட் பாட்டை, அதாவது அவங்க நிரலை, தடுத்திருக்கான்னு பாருங்க. கடைசியா, சில தீம்ல பின் செய்யறதைத் தடுக்கிற 'நோ பின்' மெட்டா டேக் இருக்கும், பக்கத்தோட மூலக்குறிப்புல தேடி அழிங்க.

ஏணிப்படி: பழைய பதிவோட முகவரியை மாத்திட்டேன். ஏற்கெனவே போட்ட பின்னையெல்லாம் அழிக்கணுமா?

குண்டூசி: அழிக்காதீங்க, அதுல சேர்ந்த சேவ் எல்லாம் போயிடும். பழைய முகவரியில இருந்து புதுசுக்கு 301 திருப்பம் (நிரந்தரமா வேற முகவரிக்கு அனுப்பற ஏற்பாடு) வைங்க. பிளாக்கர்னா அமைப்புகள்ல தனிப்பயன் திருப்பம்னு ஒண்ணு இருக்கு, அங்க 'நிரந்தரம்'னு குறிக்க மறக்காதீங்க. முகப்புப் பக்கத்துக்குத் திருப்பாம அதே பதிவுக்குத் திருப்புங்க. நல்லா ஓடற பின்னுக்கு லிங்க்கை நேரடியாவும் திருத்திடுங்க.