மணிக்கு ஐம்பது

அன்புள்ள அக்கா,

மே 6 அதிகாலை விண்கல் மழை, மணிக்கு 50 வரை தெரியும் என்று செய்தியில் பார்த்தேன். திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ராத்திரி 11 மணிக்கே பாய் போட்டுப் படுத்துவிட்டேன். 2 மணி வரை பார்த்ததில் ஒன்றே ஒன்று. கீழ் வீட்டு அண்ணன், “இன்னாடா, மணலி ஆலை நெருப்ப பாத்துட்டு வந்துட்டியா?” என்று சிரிக்கிறார். வடசென்னையில் இதெல்லாம் தெரியவே தெரியாதா? ஏலகிரி, ஏற்காடு என்று எங்காவது போகவேண்டுமா? கேமரா வாங்கினால் பிடிக்குமா? எரிநட்சத்திரம் பார்த்தால் ஆகாது என்று அம்மா வேறு திட்டினார்.

ஒரு வாசகர், திருவொற்றியூர்

அன்புள்ள தம்பி,

முதலில் திட்டிவிடுகிறேன். ஆரம்பிக்கிற நேரத்தில் இறங்கி வந்துவிட்டீர்கள். ஈட்டா அக்வாரிட்ஸ் என்ற இந்தப் பொழிவு கும்ப ராசிப் பக்கத்திலிருந்து வருவதுபோலத் தெரியும். மே முதல் வாரத்தில் நம் ஊர் அடிவானத்துக்கு மேலே அந்த இடம் எழும்பவே ஏறக்குறைய இரண்டு மணி ஆகிவிடும். மூன்றிலிருந்து நாலரை வரை, கிழக்கு வெளுப்பதற்கு முன்னால் பார்க்கவேண்டும். பொதுவாகவே எரிநட்சத்திரம் பார்ப்பவர்களுக்குப் பின்னிரவுதான் வாய்ப்பு. சூரியனைச் சுற்றி ஓடும் பூமியின் முன்பக்கம் அப்போதுதான் நமக்கு வாய்க்கும். மழையில் மீன்பாடி வண்டி ஓட்டினால் முன்னால் உட்கார்ந்திருப்பவன்தானே நனைகிறான்.

அப்புறம் அந்த ஐம்பது. கும்பம் நேராகத் தலைக்கு மேலே இருந்து, 6.5 ஒளியளவுள்ள (இந்த எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல்) மங்கல் நட்சத்திரம்கூடக் கண்ணுக்குத் தெரிகிற கும்மிருட்டில் ஒருவர் எண்ணினால் வரும் எண் அது. அப்படி ஒரு மாடி வடசென்னையில் இல்லை. நம் வானத்தில் 3.5 ஒளியளவு வரை தெரிந்தாலே பெரிது. ஒளியளவில் ஒரு படி இறங்கினால் எரிநட்சத்திரங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 2.4 மடங்கு குறையும். மூன்று படிக்குப் பதினான்கு மடங்கு. ஐம்பது மூன்றரை ஆகிவிட்டதா? நான்கு மணிக்குக் கும்பம் பாதி உயரம்கூட ஏறியிருக்காது, அதற்கும் கழியுங்கள். மணிக்கு இரண்டு. நீங்கள் நான்கு மணிக்குப் படுத்திருந்தால் உங்களுக்கு நியாயமாக வரவேண்டியது அந்த இரண்டுதான், ஐம்பது இல்லை. இந்தக் கணக்கைச் சொல்லாமல் ஐம்பது என்று மட்டும் தலைப்புப் போடுகிறவர்கள்மீது எனக்குத் தீராத கோபம் உண்டு.

அம்மா சொன்னதைப் பற்றி. ராயபுரத்தில் என் ஆயா இன்னும் ஒரு படி மேலே. கோடையில் சாயங்காலமே மாடியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிச் சூடு தணித்து, கோரைப்பாய் விரித்து, வீட்டுப் பெண்கள் எல்லோரும் வரிசையாகப் படுப்போம். நட்சத்திரம் விழுவதைப் பார்த்தவர் உடனே ஒரு பூவின் பெயரைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் ஆகாது. ஒருவர் சொன்ன பூவை அந்த ராத்திரி இன்னொருவர் சொல்லக்கூடாது என்பது ஆயா தானே சேர்த்த சட்டம். மல்லி, கனகாம்பரம் எல்லாம் முதலிலேயே போய்விடும். தாமதமாகப் பார்த்தவள் பூசணிப் பூ என்று சொல்லிச் சிரிப்பு வாங்குவாள். விடிந்ததும் ஆயா குழாயடியில் நின்று, “நேத்து தாழம்பூ வரைக்கும் போச்சுடி” என்பாள். அந்தப் பூக்களை எண்ணினால் அந்த ராத்திரியின் கணக்கு வந்துவிடும். ஆனால் எங்களில் யாரும் அதை எழுதி வைக்கவில்லை. எந்த மாதம், எத்தனை மணி, ஒன்றும் இல்லை. அத்தனை பூவும் போயே போச்சு.

உங்கள் கடிதத்தில் எனக்கு வலித்த இடமும் இதுதான். “ஒன்றே ஒன்று” என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்கு? எங்கிருந்து எங்கே போனது? வெள்ளையா, மஞ்சளா? பின்னால் கோடு நின்றதா? நிலவு இருந்ததா? நடுவில் எத்தனை தடவை போனை எடுத்தீர்கள்? (இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும். ஒரு தடவை திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.) கும்பம் எழுவதற்கு முன்னால் பார்த்ததால் அது எந்தப் பொழிவையும் சேராத உதிரியாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். திசை இருந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லியிருப்பேன். கூடலூர் கிழார் உங்களைவிடக் கெட்டிக்காரர். புறநானூற்றின் 229ஆம் பாட்டில் அவர் பார்த்ததும் ஒன்றே ஒன்றுதான். ஆனால் பங்குனியின் முதல் பாதி, நள்ளிரவு, உச்சியிலிருந்து எது சாய்ந்தது, எதிரே எது எழுந்தது, எது மறையப் போனது, கிழக்கும் போகாமல் வடக்கும் போகாமல் அது எப்படி விழுந்தது என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். ஏழாம் நாள் சேர மன்னன் இறந்தான் என்பதை விடுங்கள், ராஜாக்கள் எப்படியும் சாவார்கள். அந்தக் குறிப்பைப் பாருங்கள். மாடியில் படுத்திருக்கிற ஒருவன் அதற்குமேல் என்ன எழுதவேண்டும்?

நான் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கம் தேதி அச்சடித்தே இருக்கிறது, அதனால் தேதி தப்பாது. தொடங்கிய நேரம், முடித்த நேரம், மேகம், நிலவு, பார்த்த ஒவ்வொன்றின் நேரமும் திசையும். போன வாரம் அவற்றை அடுக்கி நூல் கட்டும்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. பாதித் தாள்களில் பூஜ்யம்தான். பூஜ்யத்தையும் எழுதவேண்டும் தம்பி, அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒன்றும் தெரியாத ஒன்றரை மணி நேரம் என்றால், அந்த மாடியில், அந்த வெளிச்சத்தில், அந்த நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம். கிடைத்த ராத்திரியை மட்டும் எழுதினால் உங்கள் தாளும் அந்தச் செய்தித் தலைப்பு மாதிரிதான் ஆகும்.

வானம் எவ்வளவு இருட்டு என்பதையும் குறிக்கவேண்டும். மே மாதம் நான்கு மணிக்குத் திருவோணம் கிட்டத்தட்ட உச்சியில் இருக்கும். மூன்று நட்சத்திரங்கள் ஒரு வரிசையில். நடுவில் இருப்பது பளிச்சென்று தெரியும். ஒரு பக்கத்தில் இருப்பதன் ஒளியளவு 2.7, மறுபக்கம் 3.7. மூன்றும் தெரிந்தால் “3.7 வரை” என்று எழுதுங்கள். இரண்டுதான் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

ஏலகிரியா? தாராளமாகப் போய் வாருங்கள், நன்றாகத் தெரியும். ஆனால் நல்லது எதுவாக இருந்தாலும் வடசென்னைக்காரன் பஸ் ஏறித்தான் பார்க்கவேண்டும் என்று நாமே நம்ப ஆரம்பித்துவிட்டோம், அது எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்கு மேற்கே மணலி, வடக்கே எண்ணூர், தெற்கே துறைமுக விளக்குகள். கிழக்கே? கடல். நங்கூரம் போட்ட கப்பல் வெளிச்சம் தவிர அங்கே விளக்குக் கம்பம் கிடையாது. கும்பம் எழுவதும் அதே கிழக்கில்தான். கீழ் வீட்டு அண்ணனையும் கூட்டிப் போய்க் கடலைப் பார்த்துப் படுக்க வையுங்கள்.

ஆகஸ்ட் 12, 13இல் பெர்சீட்ஸ் பொழிவு என்று மறுபடி தலைப்புப் போடுவார்கள். நமக்கு அது வடக்கே தாழ்வாக, எண்ணூர் வெளிச்சத்துக்குள்ளே கிடக்கும், மேகமும் இருக்கும். டிசம்பர் 14 ஜெமினிட்ஸ் வேறு கதை. அது மிதுனப் பக்கத்திலிருந்து வருவதுபோலத் தெரியும், ராத்திரி இரண்டு மணிக்கு மிதுனம் நல்ல உயரத்தில் நிற்கும். மழை விட்டிருந்தால் படுங்கள். தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், பூஜ்யமாக இருந்தாலும். கேமரா பற்றி அப்போது பேசலாம்.

அன்புடன்,
அக்கா