டிஎஸ்என் டெஸ்ட் சக்ஸஸ் என்கிறது, ஆனால் பில்லிங் மென்பொருள் மட்டும் இணைய மறுக்கிறதே, ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது: விண்டோஸ் சர்வர் 2019-ல் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸுக்கு ஓடிபிசி (மென்பொருளை டேட்டாபேஸோடு இணைக்கும் விண்டோஸ் வசதி) வழியாக டிஎஸ்என் (இணைப்பு விவரங்களைப் பெயர் வைத்துச் சேமிப்பது) போட்டு டெஸ்ட் செய்தால் வெற்றி, பழைய விபி6 (விஷுவல் பேசிக் 6) மென்பொருளைத் திறந்தால் மட்டும் எர்ரர். பாஸ்வேர்டு, ஃபயர்வால் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்கிறீர்கள்.

அதே இடத்தில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில்லிங்கைப் பழைய 2003 சர்வரிலிருந்து 2016-க்கு மாற்றினோம். காலை ஆறு மணிக்குக் கடை திறக்க வேண்டும். "டெஸ்ட்ஸ் கம்ப்ளீட்டட் சக்ஸஸ்ஃபுல்லி" என்று பெட்டி வருகிறது, மென்பொருளோ "ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்", அதாவது வகை பொருந்தவில்லை, என்கிறது. அந்த வரியை ஒழுங்காகப் படிக்காமல் பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன்.

மென்பொருள்களில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை உண்டு; விபி6-ல் எழுதியது எதுவானாலும் 32 பிட்தான். நீங்கள் டிஎஸ்என் போட்டது பெரும்பாலும் 64 பிட் ஓடிபிசி விண்டோவில். மெஷினில் எல்லோருக்கும் பொதுவான சிஸ்டம் டிஎஸ்என்களை விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியில் (அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் இடம்) இரண்டு தனி இடங்களில் வைக்கிறது. 32 பிட் மென்பொருள் தன் பக்கத்தில் மட்டுமே தேடும். அட்மினிஸ்ட்ரேட்டிவ் டூல்ஸில் இரண்டு ஓடிபிசியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், அடைப்புக்குறிக்குள் 32 பிட், 64 பிட் என்று போட்டிருக்கும். ஃபோல்டர் வழியாகத் திறப்பவர்கள் கவனியுங்கள்: சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட், சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பதுதான் 32 பிட். பெயர் தலைகீழாகத் தெரியும். சிஸ்டம்32 என்ற பெயரைப் புரோகிராம் கோடுக்குள்ளேயே எழுதிவைத்த பழைய மென்பொருள்கள் ஏராளம் என்பதால், 64 பிட் வந்தபோதும் மைக்ரோசாஃப்ட் அந்தப் பெயரை மாற்றவில்லை.

சரி, 32 பிட் பக்கம் போய் அதே பெயரில் போட்டேன், பில் வந்தது. அப்புறம் இன்னொரு சிக்கல். ராத்திரி டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸ் வசதி) ஓடும் ஸ்டாக் ரிப்போர்ட் மட்டும் "டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்ட்" என்று நின்றது. அவசரத்தில் முதல் டேப்பிலேயே, அதாவது யூசர் டிஎஸ்என்னில் போட்டிருக்கிறேன். அது என் லாகினுக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஜாப் ஓடியது விண்டோஸின் சொந்த அக்கவுண்டான சிஸ்டம் அக்கவுண்டில். சர்வரில் எப்போதும் சிஸ்டம் டிஎஸ்என்தான் போட வேண்டும்.

அதையும் மாற்றிய பிறகு வந்தது எர்ரர் 18456, லாகின் ஃபெயில்டு. இங்கே மனம் தளராதீர்கள், இது நல்ல செய்தி. டிஎஸ்என் கிடைத்து, நெட்வொர்க் தாண்டி, எஸ்க்யூஎல் சர்வர் வரை போய் அங்கே மறுக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் ஆதென்டிகேஷன் (தனி பாஸ்வேர்டு இல்லாமல் விண்டோஸ் அக்கவுண்டை வைத்தே உள்ளே விடுவது) வைத்திருந்தேன். டேட்டாபேஸ் வேறு மெஷினில். அப்படியானால் சிஸ்டம் அக்கவுண்ட் அங்கே போவது ஜாப் ஓடும் மெஷினின் பெயரில்: டொமைன் (நிறுவன நெட்வொர்க்) பெயர், சர்வர் பெயர், கடைசியில் ஒரு டாலர் குறி. அந்தப் பெயருக்கு எஸ்க்யூஎல்லில் லாகின் கிடையாது. அந்த ஜாப்புக்கென்று தனியாக ஒரு டொமைன் அக்கவுண்ட் உருவாக்கி, அதற்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்தேன். எஸ்ஏ (எஸ்க்யூஎல்லில் எல்லா உரிமையும் உள்ள அட்மின் லாகின்) பாஸ்வேர்டைப் போட்டால் உடனே வேலை முடியும்தான், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடையின் மொத்தக் கணக்கும் அதற்குள் இருக்கிறது.

டெஸ்ட் பட்டனை அழுத்துவது உங்கள் லாகின், நீங்கள் திறந்த விண்டோவின் பிட். மென்பொருள் வேறு பிட்டிலோ வேறு அக்கவுண்டிலோ ஓடினால் அந்த வெற்றிக்கு மதிப்பில்லை.

டிரைவர் (ஓடிபிசியை எஸ்க்யூஎல் சர்வரோடு பேசவைக்கும் பகுதி) பற்றி ஒரு வார்த்தை. ஓடிபிசி டிரைவர் 18 போட்டிருந்தால் என்கிரிப்ஷன் (தகவலைப் பூட்டி அனுப்புவது) தானாகவே ஆன் ஆகியிருக்கும். சர்வர் சான்றிதழை நம்ப முடியவில்லை என்று நின்றுவிடும். முறையான சான்றிதழ் போடுவதே சரி.

எல்லாம் ஓடியதும், சோதனைக்குப் போட்ட 64 பிட் டிஎஸ்என்னையும் யூசர் டிஎஸ்என்னையும் அழித்துவிடுங்கள். ஒரே பெயரில் மூன்று இருந்தால், அடுத்து வருபவர் தவறானதைத் திருத்திவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்.